விமானத்தின் எரிபொருள் குழாயை எவ்வளவு இறுக்குவது?

கேள்வி இதுதான். மெல்பேர்னில் வேலை செய்யும் உப்புவெளித் தம்பி ஒருவர், வீட்டுக் கராஜில் இரண்டு பேர் இருக்கக்கூடிய கிட் விமானம் ஒன்றை, அதாவது பாகங்களாக வாங்கிப் பொருத்தும் விமானம் ஒன்றைக் கட்டுகிறார். இறக்கை கீழே, எரிபொருள் தாங்கிகள் இறக்கைக்குள், முன்னால் ரோட்டக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின். அலுமினியக் குழாயில் எரிபொருள் பாதை போட்டு முடித்துப் பெற்றோல் ஊற்றியதும் இரண்டு நட்டுகளில் ஈரம் தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கினாராம். ஒன்று நின்றது, மற்றது கூடிவிட்டது. திருகோணமலையில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தும் அவருடைய மாமா, "திருகுப் புரிக்கு ரேப் நாடா சுற்றி, மேலே ஷெலாக் பூசி இறுக்கு, சென்மத்துக்கும் ஒழுகாது" என்கிறார். கிட்டோடு வந்த கையேடோ ரேப்பே வேண்டாம் என்கிறது. யார் சொல்வது சரி, எவ்வளவு இறுக்குவது, எதைப் பூசுவது?

கையேடு சொல்வதுதான் சரி. ஆனால் மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் தம்பி. அவர் சொல்வதில் பாதி வேறொரு வகைப் பொருத்துக்குச் சரிவரும். நான் வளைகுடாவில் ஒரு ஹாங்கரில் ஹைட்ரோலிக் குழாய்களோடு நீண்ட காலம் மல்லுக்கட்டிவிட்டு ஊரோடு வந்து இருக்கிறவன். அங்கே புதிதாக வரும் பெடியன்களிடம் முதலில் கேட்பது, "இது எங்கே அடைக்குது, விரலால் தொட்டுக் காட்டு" என்றுதான். தொட்டுக் காட்டத் தெரியும்வரை ஸ்பனர் கைக்கு வராது. உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒன்றில்தான் பதில் இருக்கிறது.

உங்கள் விமானத்தில் வெளிப்பார்வைக்கு எல்லாமே திருகுப் புரியும் நட்டும்தான். உள்ளே அடைக்கிற விதம் மூன்று. குழாய் வாயை விரித்துப் பொருத்துவது ஒன்று. புரியே ஆப்பு மாதிரிக் குறுகிப் போவது இன்னொன்று. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ வாஷரோ நசுங்கி அடைப்பது மூன்றாவது. உங்களுக்கு ஒழுகுவது முதலாவது வகை என்று நினைக்கிறேன், அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நீல நிற அலுமினியப் பொருத்துகளைக் கிட்டில் பார்த்திருப்பீர்கள். ஏஎன் பொருத்து என்பார்கள். அமெரிக்க இராணுவ, கடற்படைத் தரத்திலிருந்து வந்த பெயர். நட்டு ஏஎன் 818, அதற்குள் குழாயைச் சுற்றி இருக்கும் ஸ்லீவ் என்ற சிறு வளையம் ஏஎன் 819. பெயருக்குப் பின்னால் வரும் எண், குழாயின் வெளிவிட்டத்தை ஓர் அங்குலத்தின் பதினாறில் பங்குகளாகச் சொல்கிறது: 4 என்றால் கால் அங்குலம், 6 என்றால் 3/8 அங்குலம். குழாயின் வாயைக் கூம்பாக விரிக்கிறோம். அந்த விரிந்த வாயின் உள்முகம் பொருத்தின் கூம்பு மூக்கில் போய் உட்காருகிறது. உலோகம் உலோகத்தோடு நெருங்குகிற அந்த மெல்லிய வளையம்தான் அடைப்பு. நட்டும் ஸ்லீவும் பின்னாலிருந்து நெருக்குவதோடு சரி. பெற்றோல் புரிவரை வந்து சேர வேண்டிய தேவையே இல்லை. வந்துவிட்டதென்றால் ஏற்கெனவே கூம்பில் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இந்தப் புரியில் ரேப் சுற்றினால் என்ன நடக்கும்? அடைப்பு இருக்கிற இடத்தில் ஒன்றும் நடக்காது. புரியில் உராய்வு குறைந்துவிடும். அதனால் டோர்க் ரென்ச்சில், அதாவது திருப்புவிசையை அளக்கும் ஸ்பனரில், அதே அளவு காட்டினாலும் விரித்த வாய் கூடுதலாக நசுங்கும். பிறகு கழற்றும்போது ரேப் நாராகக் கிழிந்து குழாய்க்குள் போகும். அந்த நார் போய் நிற்கிற இடம் வடிகட்டியாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். காபுரேற்றரின் ஊசி வால்வாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். படகில் எஞ்சின் நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கரைக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

ஷெலாக், சிலிக்கன், புரிப்பூட்டுப் பசை எல்லாமே இந்தப் பொருத்துக்கு வேண்டாதவைதான். அதிலும் சிலிக்கன் பெற்றோலில் ஊறிப் புடைத்து, துண்டுதுண்டாகக் கழன்று வரும். விரித்த வாயிலும் கூம்பிலும் எதுவும் பூசக்கூடாது. சில கையேடுகள் புரியிலும் ஸ்லீவின் பின்தோளிலும் ஒரு துளி எண்ணெய் விடச் சொல்லும், நட்டோடு சேர்ந்து குழாய் முறுகாமல் இருப்பதற்காக. உங்கள் கையேடு சொன்னால் விடுங்கள், சொல்லாவிட்டால் விடாதீர்கள். எண்ணெய் விட்ட புரிக்கும் விடாத புரிக்கும் ஒரே டோர்க் அளவு ஒரே நெருக்குதலைக் கொடுக்காது.

இப்போது கோணம். விமானப் பொருத்துகளின் கூம்பு 37 பாகை. வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் பித்தளைப் பொருத்துகளும், அங்கே விற்கும் மலிவான வாய் விரிக்கும் கருவிகளும் 45 பாகை. இரண்டையும் கலந்தால் முகத்துக்கு முகம் படியாது. ஒரு விளிம்பில் மட்டும் தொடும். அந்த விளிம்பை நசுக்கி நசுக்கி ஒழுக்கை நிறுத்தலாம். பிறகு அதிர்வில் அதே இடத்தில் வெடிக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது: கால் அங்குலக் குழாயில் இரண்டு தரத்துக்கும் புரி ஒன்றுதான், 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. ஆகவே பிழையான நட்டு தடையில்லாமல் ஏறிவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. 3/8 அங்குலத்தில் அந்தப் பயம் இல்லை. அங்கே ஏஎன் புரி 9/16, வாகனப் புரி 5/8, ஏறவே ஏறாது. நீங்கள் எந்தக் கருவியால் விரித்தீர்கள் என்று எழுதவில்லை. கருவியின் மேல் 37 என்று பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 45 என்றிருந்தால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, எல்லா வாய்களையும் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

கருவி சரியென்றால் அடுத்து வாயைப் பாருங்கள். வெட்டும்போது உருளைக் கத்தியை ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும்; அவசரப்பட்டால் குழாய் உள்நோக்கிச் சுருங்கும். வெட்டியபின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டிலும் உள்ள பிசிறை எடுத்து, விளிம்பை மெல்லிய எமரித் தாளால் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். விளிம்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும், விரிக்கும்போது அந்தக் கீறல்தான் வெடிப்பாகத் திறக்கும். விரிக்க முன் நட்டையும் ஸ்லீவையும் குழாயில் போட்டீர்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அழகாக ஒரு வாய் விரித்து முடித்த பிறகு ஸ்லீவ் மேசையில் கிடக்கிறதைப் பார்க்காத விமான மெக்கானிக் எந்த நாட்டிலும் இல்லை. விரித்தபின் குழாய்க்குள் காற்றடித்துத் துகள்களை வெளியேற்றுங்கள்.

நல்ல வாய் எப்படி இருக்கும்? பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்முகம் வழவழப்பாக, கருவி உராய்ந்த கோடுகள் இல்லாமல் இருக்கும். வாயின் விளிம்பு ஸ்லீவின் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. நீட்டினால் நட்டின் புரியில் உரசும். ஸ்லீவுக்குள் அமிழ்ந்தும் போகாது. அமிழ்ந்தால் நெருக்கப் போதிய உலோகம் இல்லை. சுற்றிவர அகலம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம் என்றால் குழாய் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது.

சந்தேகமிருந்தால் இதைச் செய்து பாருங்கள், பெரிய செலவில்லை. நிரந்தர மை மார்க்கரால் பொருத்தின் கூம்பு முழுவதும் மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். குழாயை வைத்து நட்டைக் கையால் முட்டுமட்டும் இறுக்கி, ஸ்பனரால் மெல்ல ஒரு பிடி பிடித்து, கழற்றிப் பாருங்கள். வாய் படிந்த இடத்தில் மை தேய்ந்து ஒரு வளையம் தெரியும். வளையம் முறியாமல் சுற்றி வந்தால் வாய் நல்ல வாய். பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஒன்றில் வாய் சாய்வு, அல்லது குழாய் நேராக வந்து சேரவில்லை. பார்த்து முடிந்ததும் மையை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

குழாய் நேராக வந்து சேர்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கட்டப்படும் விமானங்களில் நான் பார்த்த ஒழுக்குகளில் பல இதனால்தான் வந்தவை. நட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டுக் குழாயை விட்டுப் பாருங்கள். கை பிடிக்காமலே வாய் கூம்புக்கு நேராக, முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு நட்டு கடைசிவரை விரலாலேயே ஓட வேண்டும். அரை அங்குலம் எட்டாமல் நிற்கிற குழாயை நட்டால் இழுத்துச் சேர்ப்பதும், பக்கவாட்டில் நிற்பதை வளைத்துப் பிடித்து நட்டை ஏற்றுவதும் கண்கூடாக நடக்கிற விஷயங்கள். அப்படிச் சேர்த்த குழாய் எந்நேரமும் இழுவிசையில் இருக்கும். எஞ்சின் அதிர்வு அதற்கு மேலே. இரண்டு அசையாத பொருத்துகளுக்கிடையே கயிறு கட்டியது மாதிரி நேர்க்குழாய் போடுவதும் இதே பிழைதான். வெப்பத்தில் விரியவும் சுருங்கவும் இடமில்லை. நடுவில் ஒரு வளைவாவது கொடுங்கள். 3/8 அங்குல மென் அலுமினியக் குழாய்க்கு வளைவின் ஆரை 15/16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, கால் அங்குலத்துக்கு 9/16. வளைத்த இடம் தட்டையானால், சிறிய விட்டம் முன்பிருந்த விட்டத்தின் 75 சதவீதத்துக்குக் கீழே போனால், அந்தத் துண்டை வீசிவிடுங்கள்.

இனி இறுக்குவது. உங்கள் கையேட்டில் அளவு இருந்தால் அதுதான் சட்டம். இல்லாவிட்டால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபையான எஃப்ஏஏ-இன் பராமரிப்புச் சுற்றறிக்கை 43.13-1பி-இல் உள்ள அட்டவணையைப் பலரும் பாவிக்கிறார்கள். 5052 வகை மென் அலுமினியக் குழாய்க்கு, கால் அங்குலத்தில் 40 முதல் 65 அங்குல-இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 4.5 முதல் 7.3 நியூட்டன் மீற்றர். 3/8 அங்குலத்தில் 75 முதல் 125 அங்குல-இறாத்தல், 8.5 முதல் 14 நியூட்டன் மீற்றர். உருக்குக் குழாயென்றால் கால் அங்குலத்துக்கு 135 முதல் 150 வரையும், 3/8-க்கு 270 முதல் 300 வரையும் போகும். உருக்குக்கான வரியைப் பார்த்து அலுமினியத்தை இறுக்கினால் வாய் நசுங்கி மெலிந்து, ஸ்லீவின் விளிம்பில் வெட்டுப்பட்டது மாதிரி ஆகிவிடும்.

அங்குல-இறாத்தல் என்பதைத் திரும்பவும் வாசியுங்கள். வாகனக் கராஜ்களில் இருக்கும் டோர்க் ரென்ச் அடி-இறாத்தல் காட்டும். 100 அங்குல-இறாத்தல் என்பது எட்டேகால் அடி-இறாத்தல் சொச்சம்தான். வீல் நட்டு இறுக்கும் பெரிய ரென்ச்சில் அந்த அளவைச் சரியாகப் படிக்கவே முடியாது. சின்ன ரென்ச் ஒன்றை வாங்குங்கள். பொருத்து ஒடுக்கமான இடத்தில் இருந்து ரென்ச்சின் முனையில் பூட்டும் திறந்த வாய்த் துண்டான காக்கைக்கால் தலை போடவேண்டி வந்தால் அதைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக, 90 பாகையில் போடுங்கள், அளவு மாறாது. நேராக நீட்டிப் போட்டால் நீளம் கூடும், உண்மையில் விழுகிற டோர்க்கும் ரென்ச் காட்டுவதைவிடக் கூடும். அப்போது கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டும்.

எப்போதும் இரண்டு ஸ்பனர். ஒன்று பொருத்தின் உடம்பைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரு ஸ்பனரோடு வேலை செய்தால் பொருத்து தாங்கியின் சுவரிலோ பம்பிலோ சேர்ந்து திரும்பி, இந்த நட்டின் ஒழுக்கை நிறுத்தப்போய் அங்கே புது ஒழுக்கைத் தொடங்கிவைப்பீர்கள்.

சரி, இப்போது உங்கள் இரண்டு நட்டுகள். சரியான அளவுக்கு இறுக்கிய பிறகும் ஒழுகினால் மேலும் இறுக்குவது தீர்வே இல்லை. இறுக்கியதும் ஒழுக்குக் கூடிய நட்டைக் கழற்றிப் பாருங்கள். வாயில் வெடிப்போ, கூம்பில் குறுக்குக் கீறலோ, இடையில் ஒரு உலோகத் துகளோ இருக்கும் என்பது என் ஊகம். வாய் வெடித்திருந்தால் வெட்டிவிட்டுப் புது வாய். கூம்பில் நகம் தட்டுப்படுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் புதுப் பொருத்து. துகள் என்றால் துடைத்துவிட்டு, அது கூம்பில் பள்ளம் போட்டதா என்று பாருங்கள். நின்றுபோன மற்ற நட்டையும் விட்டுவைக்காதீர்கள். அது ஏன் நின்றதென்று உங்களுக்குத் தெரியாது. அளவுக்கு மேல் நசுக்கியதால் நின்றிருந்தால், அது பறப்பில் திறக்கும். எனக்கு ஒழுகுகிற நட்டைவிட இந்த நட்டின் மேல்தான் சந்தேகம் கூட.

இனி மாமாவுடைய வகை. தாங்கி, பம்ப், வடிகட்டி, எஞ்சினின் எண்ணெய்த் துளைகள் போன்ற இடங்களில் குழாய்ப்புரி வரும். இது நுனிக்குப் போகப்போகக் குறுகும், 16-க்கு 1 என்ற சரிவில். உள்ளே போகப்போக ஆப்பாக இறுகினாலும், புரியின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே சுருள்வழி ஒன்று மிஞ்சும். அந்த வழியை அடைக்கத்தான் பசை. ஆகவே இங்கே பசை கட்டாயம். ஆனால் ரேப் இங்கேயும் வேண்டாம், நார் கிழிகிற கதை இங்கேயும் அதேதான். பெற்றோலும் எண்ணெயும் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் பசையை எடுங்கள். லொக்டைட் 565, ஈசி டேர்ன் போன்றவை விமானம் கட்டுகிறவர்களிடம் புழங்குபவை. நுனியில் முதல் ஒன்றிரண்டு புரிகளை வெறுமையாக விட்டு, அதற்குப் பின்னால் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். அப்போது பிதுங்குகிற பசை குழாய்க்குள் போகாது.

கையால் முட்டுமட்டும் திருகி, பிறகு ஸ்பனரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று வரை. முழங்கைப் பொருத்தென்றால் அந்த இரண்டு சுற்றுக்குள் எங்கேயாவது அது வேண்டிய திசைக்கு வந்து நிற்கும்படி பாருங்கள். தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாதீர்கள். பசை அறுந்துவிடும், அந்த நிமிடமே ஒழுக்குத் தொடங்கும். முழுதாகக் கழற்றி, துடைத்து, மறுபடி பூசித் திருகுங்கள். வலுவைக் காட்டவும் வேண்டாம். ஆப்பு உள்ளே போகப்போகப் பம்பின் அலுமினிய வார்ப்பை வெளிப்பக்கமாகப் பிளக்கும். வார்ப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அந்தப் பம்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் உங்கள் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு ஆபத்து உண்டு. திருகோணமலை ஹாட்வெயார் கடையில் கிடைப்பது பிரித்தானியக் குழாய்ப்புரி, மெல்பேர்னிலும் தண்ணீர்க் குழாய்க்கு அதேதான். உங்கள் கிட் பாவிப்பது அமெரிக்கப் புரியாகத்தான் இருக்கும். 1/8 அளவில் பிரித்தானியப் புரி அங்குலத்துக்கு 28, அமெரிக்கப் புரி 27. கால் அங்குல அளவில் 19-க்கு 18. புரியின் கோணமும் வேறு: பிரித்தானியம் 55 பாகை, அமெரிக்கம் 60. ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று ஏறும், பிறகு இறுகும், "ஆஹா நல்லா இறுகுது" என்று கைக்குத் தோன்றும். இறுகுவது புரி கடிபட்டு. சனிக்கிழமை பின்னேரம் ஒரு பொருத்துக் குறைகிறதென்று தெருமுனைக் கடைக்கு ஓடாதீர்கள். புரியளவுச் சீப்பு ஒன்று வாங்கி மேசையில் வைத்திருங்கள், சந்தேகமான எதையும் அதில் வைத்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேர்ப்புரியில் ஓ-ரிங் இருந்தால் அடைப்பது ஓ-ரிங்தான். அதில் எந்தப் பசையும் கூடாது, அந்தத் திரவத்தையே ஒரு துளி தடவி, முறுகாமல் உட்காரவிடுங்கள். செம்பு வாஷர் போட்ட இடங்களில் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர். மாமா பழைய செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி பாவிப்பார். செம்பு அப்படி மிருதுவாவது உண்மைதான், ஆனால் புது வாஷர் சல்லிக் காசு. முக்கியமானது பிரேக். சின்ன விமானங்களின் பிரேக்குக்குச் சிவப்பு நிறக் கனிம எண்ணெயும் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கும்தான் வழமை. வாகனக் கடையில் கிடைக்கும் டொட் வகைப் பிரேக் திரவத்தை அதில் ஊற்றினால் ரப்பர் ஊதிப் பழுதாகும். வாகன ரப்பரில் சிவப்பு எண்ணெயை ஊற்றினாலும் அதே கதிதான். உங்கள் கிட் எதைக் கேட்கிறதோ அது மட்டும்.

இனி மாமாவுக்கு நன்றாகத் தெரிந்த, நீங்கள் கவனிக்காமல் விடக்கூடிய விஷயம். உங்கள் தாங்கி இறக்கையில், பம்புகள் அதற்கு மேலே. பம்ப் ஓடும்போது தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள பாதை உறிஞ்சும் பக்கம். அங்கே பொருத்துத் தளர்ந்திருந்தால் பெற்றோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நட்டு காய்ந்தே இருக்கும், கறையும் இருக்காது. முழு வேகத்தில் எஞ்சின் இருமும், அல்லது நிற்கும். உட்துறைமுகத்தைத் தாண்டி வெளியே வந்து திரொட்டிலைத் திறந்ததும் மூச்சு வாங்குகிற படகு எஞ்சினைப் பற்றி மாமாவிடம் கேளுங்கள். அவர் முதலில் பார்ப்பது கைப்பம்பு ரப்பர்க் குமிழுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள இணைப்பைத்தான். ஈரம் இல்லை என்பதை வைத்து அந்தப் பக்கப் பொருத்துகளை நல்லவை என்று முடிவுகட்ட முடியாது. காற்றை உள்ளே செலுத்திச் சோதிக்கத்தான் வேண்டும்.

சோதனைக்குக் குழாய்ப் பாதையைத் தாங்கியிலிருந்தும் காபுரேற்றரிலிருந்தும் கழற்றி, ஒரு முனையை மூடி, மறுமுனையால் கையேடு சொல்லும் சிறிய அழுத்தத்தில் காற்று கொடுத்து, ஒவ்வொரு நட்டிலும் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வருகிறதா என்று அவசரமில்லாமல் பாருங்கள்; மயிரிழைக் கசிவு குமிழியைக் கட்ட நேரமெடுக்கும். முடிந்ததும் நுரையைத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள், அலுமினியத்தில் காயவிடாதீர்கள்.

தாங்கியைச் சோதிக்கும்போது கொம்பிரசரை நேராகப் பூட்டிவிடாதீர்கள். தாங்கிக்கு ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல்) போதும், அதற்கு மேல் தகடு உப்பி, தையலில் உள்ள அடைப்புப் பசை பிரியும். ஒரு பிஎஸ்ஐ என்பது 70 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர். ஆகவே சாயத் தண்ணீர் ஊற்றிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் தொங்கவிட்டால் அதுவே அளவுமானி, அழுத்தம் கூடினால் தண்ணீர் தானாகவே வெளியே சிந்திப் பாதுகாக்கும். ஒரு எச்சரிக்கை: உள்ளே அடைபட்ட காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானாலே இரு பக்க மட்டங்களின் வித்தியாசம் மூன்றரை சென்ரிமீற்றர் அளவில் கூடும். திருகோணமலையில் கச்சான் என்ற சூடான காற்று வீசுகிற நாளில் காலையில் மட்டத்தைக் குறித்துவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால், ஒழுகுகிற தாங்கிகூட அழுத்தம் ஏறியதாகக் காட்டும். மெல்பேர்னில் ஒரே நாளில் நான்கு பருவமும் வரும் என்கிறார்கள். கராஜ் கதவை மூடி, வெப்பமானி ஒன்றைத் தாங்கியின் மேல் வைத்து, வெப்பநிலை ஒன்றாக இருக்கும் இரண்டு நேரங்களை ஒப்பிடுங்கள்.

எஞ்சினையும் விமானி இருக்கும் இடத்தையும் பிரிக்கும் தீச்சுவருக்கு முன்னால், எஞ்சின் பக்கம், அலுமினியக் குழாய் போடாதீர்கள். எஞ்சின் ஆடும், உடம்பு ஆடாது. நடுவில் வளையக்கூடிய ஹோஸ் வேண்டும், அதன் மேல் தீயுறை. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளம் மாறும் என்பதால் 5 முதல் 8 சதவீதம் தளர்வு கொடுங்கள். ஹோஸின் நீளத்துக்கு ஓடும் கோடு இறுக்கியபின் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணி மாதிரிச் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுகியிருக்கிறது. ரோட்டக்ஸ் ரப்பர் ஹோஸ்களை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, பார்வைக்கு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும்.

கவ்விகளையும் மறக்காதீர்கள். 3/8 அலுமினியக் குழாயை 16.5 அங்குலத்துக்கு ஒருமுறை, கால் அங்குலக் குழாயை 13.5 அங்குலத்துக்கு ஒருமுறை பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத குழாய் அதிரும், அதிர்வு முழுவதும் போய் முடிவது நீங்கள் பாடுபட்டு விரித்த வாயில். ஊருக்கு விமானத்தைக் கொண்டுவரும் யோசனை இருந்தால் இன்னொன்று: திருகோணமலையின் சீனன்குடா ஓடுபாதை கடலோடு ஒட்டியிருக்கிறது. உப்புக்காற்றில் பித்தளையும் அலுமினியமும் ஒட்டி நிற்கிற இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும். அலுமினியக் குழாய்க்கு அலுமினியப் பொருத்தே போடுங்கள்.

எல்லாம் இறுக்கிச் சோதித்தபின் ஒவ்வொரு நட்டிலும், நட்டிலிருந்து பொருத்தின் உடம்புவரை, உடைந்துபோகக்கூடிய குறியீட்டு அரக்கால் ஒரு கோடு போடுங்கள். கோடில்லாத நட்டு இறுக்காத நட்டு என்பது ஹாங்கர் வழக்கம். முதல் எஞ்சின் ஓட்டத்துக்குப் பிறகும், முதல் சில பறப்புகளுக்குப் பிறகும் மூடியைக் கழற்றிக் கோடுகளைப் பாருங்கள். கோடு முறியவில்லை, ஈரமில்லை என்றால் நட்டைத் தொடாதீர்கள். பார்க்கும்போதெல்லாம் "ஒரு சொட்டு" இறுக்கி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தச் சொட்டுகள் சேர்ந்துதான் நல்ல வாய் ஒன்றைக் கொல்லும்.

பறக்க முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒழுகாத பாதை போதிய பெற்றோலைக் கொண்டுவருகிறது என்று அர்த்தமில்லை. பிதுங்கிய பசையோ நசுங்கிய வளைவோ ஓட்டத்தைக் குறைக்கலாம். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, தாங்கியில் குறைந்தளவு பெற்றோல் விட்டு, காபுரேற்றர் முனையில் குழாயைக் கழற்றி, பம்பை ஓட்டி அளவுச் சாடியில் பிடியுங்கள். பெற்றோலோடு விளையாட்டு என்பதால் வெட்டவெளியில், விமானத்தையும் சாடியையும் நிலத்தோடு மின்னிணைத்து, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். பம்ப் பாதைக்கு, புறப்படும்போது எஞ்சின் குடிக்கும் அளவின் 125 சதவீதம் வர வேண்டும். புவியீர்ப்பால் மட்டும் ஓடும் பாதையென்றால் 150 சதவீதம். உங்கள் 912 யுஎல்எஸ் புறப்படும்போது மணிக்கு 27 லீற்றர் குடிக்கும். ஆக, மணிக்கு 34 லீற்றர், நிமிடத்துக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல். இரண்டு தாங்கியையும் தனித்தனியே, மின்பம்பு, எஞ்சின் ஓட்டும் பம்பு இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஆனால் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் பம்பை இப்படிச் சாடியில் பிடித்து அளக்க முடியாது. அதற்கு எஞ்சின் ஓடும்போது அழுத்தமானியைப் பார்ப்பதுதான் வழி.

கழற்றிய அந்த இரண்டு வாய்களையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், ஸ்லீவும் தெரிகிற மாதிரி.